மச்சானின் ஷேவிங் பிரஷ்

ஜூன் 8, திங்கள்

இந்த வீட்டில் நடப்பதை இனி உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குப் பிடிக்காத ஒருவரைப் பற்றி எழுதினாலும் அவர் செய்ததை மட்டும் எழுதுவேன், செய்யாததை எழுத மாட்டேன். இப்படிக்கு, செ. முஹ்ஸினா, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

ஜிஃப்ரி மச்சான் ஹாங்காங்கிலிருந்து வந்துவிட்டார். லீவில் வரவில்லை. முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். எங்கள் ஊரில் கல்யாணமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அவர் வந்து இறங்கியது எங்கள் வீட்டில். அவருக்கும் என் அக்கா சுலைஹா லாத்தாவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் அவர் இங்கே இருந்தது ஒரு மாதம்கூட வராது. மற்ற நாளெல்லாம் மாடி அறையில் லாத்தாவும் நானும்தான் படுத்தோம். லாத்தா தலை துவட்டிக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்பாள். இன்று என் பாயும் புத்தகங்களும் கீழே அரிசிப் பானை வைக்கும் அறைக்கு வந்துவிட்டன. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த அறையில் காற்று வராது. ஆனால் படிக்க அமைதியாக இருக்கும்.

பகல் சாப்பாட்டில் வாப்பா கேட்டார்: "மாப்பிள்ளைக்கு அடுத்து என்ன யோசனை?"

"பாப்போம் மாமா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு. பெயிண்ட் கடை நம்ம கடைதானே. வந்து உக்காருங்க."

"பெயிண்ட் வாடை எனக்கு ஆகாது மாமா. தல வலிக்கும்."

"சம்பாதிக்கிற வாடை எதுவுமே ஆகாது போல."

மச்சான் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். லாத்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

மச்சான் தினமும் காலையில் கிணற்றடியில் ஷேவ் செய்கிறார். வாப்பாவுக்கு நெஞ்சு வரை தாடி. இந்த வீட்டில் ஒரு ஆண் ஷேவ் செய்து நான் பார்த்ததில்லை. அதனால் கவனித்தேன்.

அவரிடம் நீலக் கைப்பிடி வைத்த ஒரு நைலான் பிரஷ் இருக்கிறது. அதை ஊற வைக்க வேண்டியதில்லை. தண்ணீரில் ஒருமுறை நனைத்து உதறுகிறார். சோப்பில் சுற்றுகிறார், நுரை வந்துவிடுகிறது. முடிந்ததும் நன்றாக அலசி, துண்டில் இரண்டு தட்டுத் தட்டி, கிணற்றுச் சுவரில் நிமிர்த்தி வைக்கிறார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தொட்டுப் பார்த்தேன். சுத்தமாகக் காய்ந்திருந்தது, வாடையும் இல்லை.

அதைக் கழுவ அவர் எடுத்துக்கொள்வது வாப்பாவின் டம்ளர். வாப்பாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். இதை உம்மாவிடம் சொன்னேன். "டம்ளர்தானே, வேற எடுத்துக் கொடுத்தாப் போச்சு" என்றார். வாப்பாவிடமும் சொன்னேன். வாப்பா இரவு தண்ணீர் குடிக்கும்போது டம்ளரை இரண்டு தடவை மோந்து பார்த்தார்.

ஜூன் 11, வியாழன்

கொதிக்கும் நீரில் கிருமிகள் அழிந்துவிடும் என்று எங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. பலர் புழங்கும் கிணற்றடியில் இருக்கும் பொருளில் கிருமி இருக்கும். ஆகவே உம்மா சோறு வடிக்க வைத்திருந்த உலைத் தண்ணீரிலிருந்து கொஞ்சம் எடுத்து, அதில் மச்சானின் பிரஷ்ஷைச் சுத்தம் செய்தேன்.

மாலையில் பார்த்தபோது முடியெல்லாம் நாலு பக்கமும் வளைந்து, மிதிபட்ட பூவைப் போல இருந்தது.

மச்சான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி அறை வாசலில் வந்து நின்றார். "நைலானுக்குக் கொதிக்கிற தண்ணி ஆகாது, முஹ்ஸினா. கை பொறுக்கிற சூடுதான். சுட்டா அப்படியே வளைஞ்சு போயிரும், திரும்ப நிமிராது."

"எனக்குத் தெரியாது மச்சான்."

"தெரியாமத்தான் தலகீழா வச்சு, மேல அம்மிக் குழவிய ஏத்தி வச்சியா?"

குழவி வைத்தது பிரஷ் மிதக்காமல் இருப்பதற்காக. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. லாத்தா படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், பிரஷ்ஷை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேலே ஏறிப் போய்விட்டாள்.

ஜூன் 12, வெள்ளி

மச்சான் பெட்டியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு புது பிரஷ். ஹாங்காங்கில் பக்கத்துக் கடை வைத்திருந்த சீனக்காரர், ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்ததாம். இது நைலான் இல்லை. மரக் கைப்பிடி, உண்மையான முடி. வெளிர் மஞ்சள் நிறத்தில் விளக்குமாற்றுக் குச்சி போல விறைத்து நின்றது.

அவர் லாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியில் புத்தகத்தோடு இருந்தேன், காதில் விழுந்தது. "இத எடுத்த உடனே போட முடியாது. பழக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில முடி முங்குற அளவுக்கு ஊற வைக்கணும். மரத்துல தண்ணி ஏறப்படாது, வெடிச்சிரும். அப்புறம் உள்ளங்கையில சோப்பு நுரை கட்டி அப்படியே கொஞ்ச நேரம் விட்டுட்டு அலசணும். நிழல்லதான் காய வைக்கணும். தினம் இப்படிச் செஞ்சா முனை தானா பிளந்து பஞ்சு மாதிரி ஆகிரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் குத்தும். பொறுத்துக்க வேண்டியதுதான். ஒங்க வாப்பாவ நான் பொறுக்கலையா?"

லாத்தா சிரித்தாள். இந்த வருஷம் அவள் சத்தமாகச் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். வாப்பாவைச் சொல்லிச் சிரித்ததால் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, திங்கள்

அந்த பிரஷ்ஷிலிருந்து மழையில் நனைந்த ஆட்டின் வாடை வருகிறது. மச்சான் நுரை கட்டி, அலசி, மறுபடியும் நுரை கட்டுகிறார். நுரை வந்தவுடன் முடி அதைக் குடித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் நாலைந்து முடி உதிர்கிறது. அவர் அதை ஊதித் தள்ளுகிறார். நான் ஒன்றை எடுத்துக் கணக்கு நோட்டின் நடுவில் வைத்திருக்கிறேன்.

வாப்பா பல் துலக்க வந்தவர் நின்று பார்த்தார். "தாடி வைக்கிறதுக்கு ஒரு சாமானும் வேணாம். எடுக்கிறதுக்கு என்ன சேட்டை பாருங்க."

"சேட்டை இல்ல மாமா. பழக்குறேன்."

"மனுசன் வேலைக்குப் பழகுவான். நீங்க மயிரப் பழக்குறீங்க."

மச்சான் பிரஷ்ஷை உதறினார். இரண்டு துளி வாப்பாவின் சட்டையில் விழுந்தது. வேண்டுமென்றே உதறினாரா என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுதவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

லாத்தாவிடம் இன்று வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். நாளைக்கு என்றாள்.

ஜூன் 20, சனி

நாளைக்கு என்றவள் நாலு நாளாகக் கூப்பிடவில்லை.

மச்சான் தொழப் போயிருந்தபோது பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தேன். கைப்பிடியின் அடியில் ‘ப்யூர் பிரிஸில்’ என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ப்யூர் என்றால் சுத்தமான. இன்னொன்று தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளியும் ஞாயிறும்தான் லீவு, ஆகவே இன்று அங்கே நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்தேன். அதில் இருந்ததை அப்படியே எழுதி வந்தேன்: விறைப்பான குட்டை முடி, சிறப்பாக, பன்றியின் முதுகு மயிர்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். உம்மா ‘அந்த மிருகம்’ என்பார். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இந்த ஒரு தடவை எழுதிவிட்டேன்.

கலைக்களஞ்சியத்தில் பிரஷ் செய்யும் முடிகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. சில பிரஷ்களைக் குதிரை முடியிலும் செய்வார்கள். அந்த மிருகத்தின் முடிக்கு மட்டும் முனை இரண்டு மூன்றாகப் பிளக்கும் குணம் உண்டு என்று போட்டிருந்தது.

ஜூன் 22, திங்கள்

நோட்டில் வைத்திருந்த முடியை ஜெபக்கனி டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் அதை நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தார். முனை மூன்றாகப் பிளந்திருந்தது, ஆற்றின் கழிமுகம் படத்தில் இருப்பதைப் போல.

"யாரு முடி இது?"

"ஒரு பிராணியோடது டீச்சர்."

"வெரி குட். இப்படித்தான் இருக்கணும்" என்று என் முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இதை யாரிடம் சொல்வது. லாத்தாவிடம் முதலில் சொல்லியிருக்கலாம். அவள் மாடியில் இருந்தாள். படி ஏற எனக்கு நேரமில்லை. வாப்பா அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாப்பாவிடம் சொன்னேன்.

வாப்பா நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். எனக்குப் பத்து வயதானதற்குப் பிறகு அவர் என் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை. "நல்லாப் பாத்தியா?" என்றார். நன்றாகப் பார்த்தேன் என்றேன். அகராதியில் எழுதிவந்த தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 23, செவ்வாய்

காலையில் மச்சான் முகம் முழுக்க நுரையோடு இருந்த நேரம் பார்த்து வாப்பா கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மாப்பிள்ளை, முகத்துல என்ன தடவியிருக்கீங்கன்னு தெரியுமா?"

"சோப்பு."

"சோப்பத் தடவுனது எது?"

வாப்பா தாளைப் பிரித்து வாசித்தார். மச்சான் முதலில் சிரித்தார். பிறகு கைப்பிடியைத் திருப்பி அடியில் பார்த்தார். அவர் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவர் பிரஷ்ஷைக் கீழே போட்ட விதத்தை நான் பார்த்தேன், தேள் கொட்டியவர் கையை உதறுவதைப் போல. இதை எழுதாமல் விடக் கூடாது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மிருகத்தின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், ஒருமுறை மண் கலந்த தண்ணீரில். மதரஸாவில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மச்சான் கிணற்றடியில் குந்தி, மண்ணைக் கரைத்து முகத்தில் தேய்த்துக் கழுவினார். சவரம் பாதியில் நின்ற முகம். கன்னத்தில் ரத்தம் கசிந்தது. லாத்தா வாளியில் இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாப்பா தன் பெயர் வெட்டிய டம்ளரைக் காலால் தள்ளினார். "ஏழு தரம் கழுவினா மூஞ்சி சுத்தமாகும். பத்து நாளா இதே மூஞ்சியோட பள்ளிவாசல்ல போயி நின்னீங்களே, அத எத்தனை தரம் கழுவுறது?"

"தெரியாம நடந்தது மாமா."

"தெரியாது. வேலை தெரியாது, முதலாளிகிட்ட எப்படி இருக்கணும்னு தெரியாது, எத வூட்டுக்குள்ள கொண்டுவரணும்னு தெரியாது. ஞாயித்துக்கிழம ஒங்க பெரியவாப்பாவ வரச் சொல்றேன். பெட்டியக் கட்டி வைங்க."

ஜூன் 25, வியாழன்

வாப்பா காலையில் என்னைக் கூப்பிட்டுப் பேப்பர் வாசிக்கச் சொன்னார். முன்பெல்லாம் நான்தான் வாசிப்பேன். பிறகு எப்படியோ நின்றுபோனது. இன்று தலைப்புச் செய்தி முதல் மீன் விலை வரை எல்லாம் வாசித்தேன். கடைக்குப் போகும்போது உம்மாவிடம், "இவள மேல படிக்க வைக்கணும்" என்றார்.

உம்மா இரண்டு நாளாக யாரிடமும் பேசாமல் வேலை செய்கிறார். சட்டியை வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

லாத்தா எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. மச்சான் கன்னத்தில் மண் உரசிய இடம் செம்புள்ளியாக வீங்கியிருக்கிறது. என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

"சந்தோசமா, விஞ்ஞானி?"

"இருந்ததத்தான் சொன்னேன் மச்சான்."

"நைலான் பிரஷ் ஒழுங்கா இருந்திருந்தா அந்த டப்பாவ நான் ஏன் பிரிக்கப்போறேன். அதையும் சேத்துச் சொன்னியா ஒங்க வாப்பாகிட்ட?"

வாப்பா அதைக் கேட்கவில்லை. கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்.

மாடி ஜன்னல் வழியாக அறையைப் பார்த்தேன். மச்சானின் பெட்டி திறந்து கிடந்தது. அதில் அவருடைய சட்டைகளுக்கு மேல் லாத்தாவின் பச்சைச் சேலை மடித்து வைத்திருந்தது. அதற்கு மேல் அவளுடைய சீப்பு.

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் பெட்டி கட்டிக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 26, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். வாப்பா உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சும்மா நின்றேன். சும்மா நின்றால் என் கண் எதையாவது வாசிக்கும்.

சுவரில் ஆணி அடித்து பெயிண்ட் பிரஷ்கள் தொங்குகின்றன. சின்னது, பெரியது, பட்டையானது. நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவை அங்கே தொங்குகின்றன. ஒரு வரிசை அட்டையில் ‘நைலான்’ என்று இருந்தது. அடுத்த வரிசையில் ‘ப்யூர் வைட் பிரிஸில்’ என்று இருந்தது.

ஒரு பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முனை பிளந்திருந்தது. நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

"வாப்பா, இதுவும் அதுதான்."

வாப்பா துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தார். அட்டையைப் பார்த்தார். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கடை வேற, வூடு வேற."

"நம்ம வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது இந்த பிரஷ்லதானே வாப்பா. லாத்தா கல்யாணத்துக்கு அடிச்சது. குர்ஆன் வைக்கிற பலகைக்கும்தானே."

"நான் விக்கிறேன். கைப்பிடியப் புடிச்சு எடுத்துக் கொடுக்கிறேன். முடிய நான் தொட்டதில்ல."

"மச்சானாவது தெரியாமச் செஞ்சாரு—"

"வாய மூடுளா." சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அவ்வளவு கோபமில்லாமல் சொன்னார்: "நீ கெட்டிக்காரி. எத எங்க சொல்லணும்னு ஒனக்குத் தெரியும். நாளைக்கும் பேப்பர் வாசிக்க வா."

சனிக்கிழமை பேப்பரில் சிறுவர் மலர் வரும்.

ஜூன் 27, சனி

பேப்பர் வாசித்தேன். மாடியில் பெட்டியின் பூட்டை யாரோ போட்டுப் பார்க்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

ஜூன் 28, ஞாயிறு

மச்சானின் பெரியவாப்பா வந்தார். எண்பது வயதிருக்கும். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வாப்பா. மச்சான் தூணை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றோம். லாத்தா கறுப்புத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, காலருகே பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். உம்மா பெட்டியைப் பார்த்தார்.

வாப்பா எல்லாவற்றையும் சொன்னார். மூன்று தடவை நஜீஸ், அதாவது அசுத்தம், என்றார். பெரியவாப்பா பொறுமையாகக் கேட்டார். "அறியாம செஞ்ச காரியம். கழுவியாச்சு. அதோட முடிஞ்சிது. இதுக்கு ஒரு பயல வூட்ட விட்டு அனுப்புவாங்களா?"

"அறியாமையா? நாலு ஊரு பாத்தவரு. அதுல எழுதியிருக்கிறத வாசிக்கத் தெரியலையா? ஒம்பதாவது படிக்கிற எம் மவளுக்குத் தெரியுது." வாப்பா திரைப்பக்கம் திரும்பினார். "முஹ்ஸினா, வந்து சொல்லு."

நான் திரையை விலக்கி நின்றேன். பிரஷ்ஷில் இருந்த எழுத்து, அகராதியில் இருந்த அர்த்தம், முனை பிளந்திருந்தது எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வாப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவாப்பா என்னை உற்றுப் பார்த்தார். "புள்ள நல்லா வெளக்கமாச் சொல்றா. நானும் சின்ன வயசுல பினாங்குல இந்த பிரஷ்லதானேம்மா சவரம் செஞ்சேன். ஏம்மா, இந்தச் சாமான்ல மட்டும்தான் அது உண்டா? வேற எதுலயும் உண்டா?"

கேட்டார். அதனால் சொன்னேன்.

"பெயிண்ட் பிரஷ்லயும் உண்டு பெரியவாப்பா. வெள்ளை முடி வச்சதுல. எங்க கடையில இருக்கு."

பெரியவாப்பா வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"வாப்பாவுக்கும் தெரியும்" என்றேன். இதை அவர் கேட்கவில்லை.

வாப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கையை ஓங்கிக்கொண்டு வந்தார். உம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டுத் திரையைத் தாண்டிக் கூடத்துக்குள் போனார். வெளி ஆண்கள் இருக்கும்போது உம்மா கூடத்துக்குள் போய் நான் பார்த்ததில்லை.

"கைய எறக்குங்க."

"நீ உள்ள போ கதீஜா."

"எங்க உம்மா எனக்குத் தந்த வூடு இது. நான் சுலைஹாவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். யாரு இருக்கணும், யாரு பெட்டி எடுக்கணும்னு அவ சொல்லுவா. நீங்களும் ஒரு பெட்டியோடதான் இந்த வாசல்ல வந்து நின்னீங்க. நான் மறக்கல."

வாப்பா உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவாப்பா தொண்டையைச் செருமினார். "சுலைஹா, ஒன் பேச்ச நீ சொல்லும்மா."

லாத்தா திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்: "எம் மாப்பிள்ள எங்கயும் போகமாட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது.

வாப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார், செருப்பை மாட்டினார், வெளியே போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

ஜூன் 29, திங்கள்

வாப்பா வரவில்லை. ஆண்கள் கோபித்துக்கொண்டு போனால் அவர்களுடைய உம்மா வீட்டுக்குப் போவார்கள். வாப்பாவின் உம்மா வீடு இப்போது அவர் தங்கையான மாமிக்குச் சொந்தம். அங்கே மாமியின் மாப்பிள்ளை இருக்கிறார். அதனால் வாப்பா கடையில் படுத்தாராம்.

உம்மா குர்ஆன் பலகையை இறக்கி, மண் கரைத்துத் தேய்த்துக் கழுவினார். லாத்தா தண்ணீர் ஊற்றினாள். நான் உதவிக்குப் போனேன். இரண்டு பேர் போதும் என்றார்கள்.

ஜூன் 30, செவ்வாய்

மச்சான் தூத்துக்குடியில் புது நைலான் பிரஷ் வாங்கி வந்தார். இனி எதையும் பழக்க வேண்டியதில்லை என்று உம்மாவிடம் சொன்னார். ஷேவ் செய்து முடித்ததும் அதை அலசி, உதறி, கையோடு மாடிக்கு எடுத்துப்போகிறார். கிணற்றடியில் வைப்பதில்லை.

என்னைப் பார்த்து, "கொதிக்கிற தண்ணி ஊத்தணும்னா சொல்லு. ஒனக்குச் சிரமம் வேணாம், நானே ஊத்திக்கிறேன்" என்றார்.

மாடிக்குப் போனேன். லாத்தா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "அவரை நான்தானே லாத்தா காப்பாத்தினேன்" என்றேன்.

லாத்தா துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். "நீ உண்மை சொல்ற ஒவ்வொரு தடவையும் இந்த வூட்டுல இருந்து ஒருத்தர் வெளியே போக வேண்டியிருக்கு, முஹ்ஸி. மொத தடவ எம் மாப்பிள்ள. இப்ப வாப்பா. அடுத்தது யாரு, உம்மாவா?"

"நான் சொல்லலைன்னா நீ போயிருப்பே."

"ஆமா. போயிருப்பேன்." சீப்பை எடுத்துத் தலையைச் சீவினாள். "பச்சைச் சேலையப் பாத்தேதானே. அதையும் வந்து எங்கிட்ட கேக்கல. கீழ போ."

அரிசி அறையில் காற்று வரவில்லை. பேப்பரை யாரும் பிரிக்கவில்லை.

ஜூலை 2, வியாழன்

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு உம்மா தூக்குச் சட்டியில் சோறு போட்டு, "கடையில கொடுத்துட்டு வா" என்றார். எந்தக் கடை என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லியனுப்பவில்லை.

கடையில் கதவுப் பலகை பாதி போட்டிருந்தது. வாப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் பாலித்தீன் பையை மாட்டிக்கட்டியிருந்தார். சுவரில் இருந்த பிரஷ்கள் எல்லாம் அவரைச் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, பல்புக்கு நேரே பிடித்து முனையைப் பார்க்கிறார். பிளந்திருந்தால் சாக்கில் போடுகிறார். பிளக்காததை மேஜையில் வைக்கிறார். சிலது அட்டை கிழிந்தவை, சிலது கலவையானவை. அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

நைலான் என்று அவர் வைத்ததில் இரண்டு, நைலான் இல்லை. எடுத்துச் சாக்கில் போட்டேன். அவர் அவற்றை வெளியே எடுத்து, மறுபடியும் பார்த்து, மறுபடியும் சாக்கில் போட்டார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

"சாப்பாடு ஆறிப்போயிரும் வாப்பா."

வாப்பா அடுத்த பிரஷ்ஷை எடுத்தார்.

"வீட்டுக்கு வாங்க வாப்பா."

இதற்குத் தலையைத் தூக்கினார். "ஒங்க உம்மா சொல்லச் சொன்னாளா?"

உம்மா சொல்லச் சொன்னதாகச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார் என்று நினைக்கிறேன். செருப்பைத் தேடுவதைப் போல அவர் கண் ஒருமுறை வாசல்பக்கம் போனது.

"இல்ல. நானாத்தான் சொல்றேன்."

"நீ சொன்னது போதும்."

கையில் இருந்த பைகளை அவிழ்த்துச் சாக்கில் போட்டார். சாக்கின் வாயைச் சணலால் கட்டினார். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் போனார். நான் தின்னர் டின்மேல் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது தெரியும், என் காலைத் தாண்டித்தான் போனார். சுவரருகே நின்று, முன்பக்கத்து விளக்கை அணைத்தார். பிறகு மேஜைக்கு மேலே இருந்ததை. பிறகு கடைசியாக இருந்ததையும் அணைத்தார்.